எது முடிஞ்சது?

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவரை ஆயாம்மா ஆக்கிவிட்டார்கள். அப்போது வயது இருபத்தொன்பது. "தலையில ஒரு நரை முடி வர்றதுக்குள்ள ஆயா ஆயிட்டேன், இதுக்கு மேல எனக்கு வயசாக என்ன இருக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் நான் வேலைக்கு உட்கார்ந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு. பெயரும் ஆளும் ஒருவழியாகப் பொருந்தியிருந்தன.

அவருக்கு வேலை இரண்டாவது மாடியில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில். உள்ளே போகிறவர்களின் மூக்குக் கண்ணாடி, பல்செட், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பது, தரை துடைப்பது, அழுக்குத் துணியை மூட்டை கட்டிக் கீழே அனுப்புவது. பேசுகிற வேலை இதில் எங்கேயும் கிடையாது. நோயாளி வீட்டாரிடம் டாக்டர்தான் பேச வேண்டும், அவர் இல்லாவிட்டால் தலைமை நர்ஸ் பேசலாம் என்று சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். ஆனால் டாக்டர் கையுறையைக் கழற்றி, கை கழுவி, அடுத்த கேஸைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வெளியே வர அரை மணியாவது ஆகும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த அரை மணியில் பாதி செத்துப்போவார்கள். ஆயாம்மாவுக்கு அது பொறுக்காது. வாளியோடு வெளியே வருகிற சாக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார். "நல்லா இருக்காங்க." "குழந்தை அழுதுட்டுது, இனிமே பயமில்ல." பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது. தலைமை நர்ஸுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவார்.

அன்றைக்கு உள்ளே போனவர் ஒரு பூட்டுக்கடைக்காரர். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் சாவி போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை. வயிற்றில் கட்டி. மூன்று மணி நேரத்தில் ஆகிவிடும் என்று சொல்லிக் காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மனைவி மட்டும்தான் கூட வந்திருந்தார். மகன் எட்டு மணி நேரப் பயண தூரத்தில் வேறு ஊரில் வேலை. அந்த அம்மா விடிவதற்கு முன்பே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தவர், பிற்பகல் இரண்டரைக்கும் அதே ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த வாரம்தான் தரை துடைக்கப் புதிதாக ஒரு திரவம் வாங்கியிருந்தார்கள். டப்பாவைத் திறந்தாலே கண் எரியும். தியேட்டர் ஆட்கள் எல்லோருக்கும் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்கிறவர் ஆயாம்மா என்பதால் அவருக்கு அதிகம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி நினைத்ததைவிட ஒட்டியிருந்ததால்தான் நேரம் இழுத்ததே தவிர வேறு வில்லங்கம் இல்லை. நோயாளியை உள்வழியாகவே ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஐசியூவுக்குள் நோயாளியின் சாமானை வைக்க விடமாட்டார்கள். பையை வீட்டாரிடம் கொடுத்துவிடச் சொன்னாள் ஒரு நர்ஸ். ஆயாம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கொடுக்கச் சொன்னதால் அன்றைக்கு வாளிச் சாக்குகூடத் தேவைப்படவில்லை.

அந்த அம்மா எழுந்து நின்றார். ஆயாம்மா அவர் தோளில் கை வைத்து, "எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார். பையைக் கையில் கொடுத்தார். "கண்ணாடி, பல்செட்டு, மோதிரம் எல்லாம் இருக்கு. பத்திரமா வெச்சுக்குங்க."

சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். முகத்தில் மாஸ்க் இருந்தது. வெளியே தெரிந்தது சிவந்து நீர் கோத்த இரண்டு கண்கள் மட்டும்.

அந்த அம்மா பையையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாத முகம். ஆயாம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"தனியா இருக்காதீங்கம்மா. வீட்டு ஆளுங்களை வரச் சொல்லிடுங்க. நீங்க போய் ஒரு வாய் ஏதாவது சாப்பிடுங்க. இனிமே இங்க உக்காந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"எப்போ... விடுவாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

பார்க்க எப்போது விடுவார்கள் என்றுதான் ஆயாம்மா எடுத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையிலதாம்மா. இன்னிக்கு யாரையும் கிட்டயே விடமாட்டாங்க."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

அந்த அம்மா அழவில்லை, கத்தவில்லை. அப்படி ஒரு சத்தம் போட்டிருந்தாலாவது யாராவது ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். படியிறங்கி நேராக என் கவுண்டருக்கு வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு போட வேண்டும் என்று காலையில் என்னிடம் வாங்கிய மருந்துகள், பிரிக்காத பொட்டலமாக அவர் கையில் இருந்தன. அதை என் முன்னால் வைத்தார்.

"இது இனிமே தேவைப்படாது. நீங்களே எடுத்துக்குங்க."

எனக்கு முன்னால் பத்துப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மருந்து திரும்பி வருகிறது என்றால் நோயாளி குணமாகிப் போகிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அப்படித்தான். நான் நிமிர்ந்து சிரித்து, "ரொம்ப நல்லதும்மா" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் போய்விட்டார். நான் அடுத்த சீட்டை வாங்கினேன்.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தபோது பெஞ்சு காலி. கான்டீன், கழிப்பறை என்று தேடிவிட்டு, நோயாளியின் பெயரைச் சொல்லி அவர் வீட்டாரை மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். நானும் கேட்டேன். எனக்கு அந்தப் பெயர் யாரோ ஒருவர் பெயர். முன்னால் கிடந்த பொட்டலத்தின் சீட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் அதே பெயர்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் மகனுக்கு ஒரு போன் போட்டார். "அப்பா போயிட்டாருடா." அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. மீதியை மகன் பார்த்துக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் தெருவில் நாற்காலி போட்டுவிட்டார்கள். கடையின் இரும்புக் கதவில் யாரோ ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டார்கள். போன் ஓயாமல் அடித்ததால் ஆஸ்பத்திரியிலிருந்து முயன்றவர்களுக்கு லைனே கிடைக்கவில்லை. ஐந்து மணி வாக்கில் கிடைத்தபோது எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். "உங்க ஆளு கண்ணு முழிச்சிட்டாரு, தண்ணி கேக்கறாரு" என்றாள் ஐசியூ நர்ஸ். "எழவு வீட்டுல விளையாடறியா? வெட்கமா இல்ல?" என்று திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டார் அவர்.

விஷயத்தை உடைத்தது பூட்டுக்கடைக்காரரின் தம்பிதான். அண்ணன் தம்பிக்குள் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. மகன் சொன்ன செய்தி அவருக்கும் போய், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பிணவறைக்கு வந்திருக்கிறார், உடம்பை வாங்கிக்கொண்டு போகலாம் என்று. அங்கே இருந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இங்க அப்படி யாரும் வரலையே. மேல கேட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். மேலே, ஐசியூ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அண்ணன் படுத்துக்கொண்டு நர்ஸிடம் எதற்கோ முறைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி அங்கேயே தரையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாராம். அழுது முடித்ததும் என்ன தோன்றியதோ, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார். வாசல் காவலாளியிடம் மட்டும், "அவங்க வீட்டுக்குச் சொல்லிடுங்க, ஆளு உயிரோட இருக்கு" என்றாராம்.

மறுநாள் காலை மகன் வந்து இறங்கினான். அவன் கத்தியது நான்கு மாடிக்கும் கேட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. கிடைத்த வண்டியெல்லாம் மாறி மாறி ஏறி, அப்பா செத்துப்போனதாகவே நினைத்துக் கிளம்பிவந்தவன். பாதி வழியில்தான் செய்தி மாறியது. அதை அவன் முதலில் நம்பவும் இல்லை.

நிர்வாக அதிகாரியின் அறையில் விசாரணை. தலைமை நர்ஸ் உள்ளே இருந்தார். அங்கே நடந்ததை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டார் அதிகாரி.

"எல்லாம் முடிஞ்சிடுச்சும்மான்னு சொன்னேன் சார்."

தலைமை நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

"எது முடிஞ்சது?"

"ஆபரேஷன் சார்."

"ஆபரேஷன்ங்கிற வார்த்தையைச் சொன்னியா?"

ஆயாம்மா யோசித்துப் பார்த்தார். "சொல்லல சார். அவங்க அதுக்குத்தானே உக்காந்திருந்தாங்க."

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஏன் அழுதாய்? அழவில்லை, கண் எரிச்சல். ஏன் சாமானைக் கொடுத்தாய்? கொடுக்கச் சொன்னார்கள். ஆட்களை ஏன் வரவழைக்கச் சொன்னாய்? அவங்க தனியா பட்டினி கிடந்தாங்க சார். ஒவ்வொரு பதிலும் சரியாகத்தான் இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டே போனார். கடைசியில் அவர் எழுதிய காகிதத்தில், நோயாளி இறந்துவிட்டதாக உறவினருக்குத் தவறான தகவல் அளித்ததால் பணியிட மாற்றம் என்று இருந்தது.

"நான் அப்படிச் சொல்லலையே சார்" என்றாராம் ஆயாம்மா.

"இதுல கையெழுத்துப் போடும்மா" என்றாராம் அவர்.

தரைக்குக் கீழே துணி அறை. சலவையிலிருந்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்கி, மாடிவாரியாகப் பிரித்துத் தள்ளுவண்டியில் வைக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. பேச ஆளும் கிடையாது. அது ஒருவகையில் அவருக்கு வசதியாகப் போயிற்று. ஏனென்றால் மேலே கதை அதன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. 'செத்துட்டாருன்னு சொல்லிட்டாளாம்' என்று ஆரம்பித்து, 'கையில ஏதாவது கொடுப்பாங்கன்னு எதிர்பார்த்து, கொடுக்கலைன்னதும் வேணும்னே சொன்னாளாம்' என்பதில் வந்து நின்றது. வார்டு ஆட்கள் கான்டீனில் அவரைப் பார்த்தால், "என்ன ஆயாம்மா, சாப்பாடு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்வார்கள். பிறகு அவர் கான்டீனுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள்ளேயே புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். துணி வண்டி தள்ள வருகிறவன் "போதுமா ஆயாம்மா?" என்று கேட்டால், எது போதுமா என்று முதலில் இவர் கேட்பார். அவன் விழிப்பான்.

வீட்டில் மூன்று பேர். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருக்குப் பேச்சே சத்தம்தான். சந்தோஷத்துக்கும் கத்துவார், கோபத்துக்கும் கத்துவார், அதனால் அவரை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மகளுக்கு இருபத்திமூன்று வயது. கண் பரிசோதனைப் படிப்பு முடித்து, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். துணி அறைக்குப் போன நாலாவது மாதம், மகளுக்கு வெகுதூரத்தில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அம்மாவிடம் வந்து சொன்னாள்.

ஆயாம்மா, "ஓகோ" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு வாரம் ஓடியது. பெட்டி எங்கே, போர்வை எது என்பதைத் தவிரத் தாயும் மகளும் வேறு எதுவும் பேசவில்லை. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள் மகள். வீட்டிலும் துணி மடிப்புத்தான்.

"நான் போறது உனக்கு நிம்மதிதானேம்மா?"

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

ஆயாம்மா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "போகாதேன்னு சொன்னா, அம்மா என் வாழ்க்கையைக் கெடுத்துட்டான்னு நினைப்பே. போன்னு சொன்னா, துரத்தறான்னு நினைப்பே. நான் எதைடி சொல்லுவேன்?"

"அப்போ உனக்கு என்னதான் தோணுது? அதைச் சொல்லேன்."

"எனக்குத் தோணறதுதான் எனக்குத் தெரியுது. அதை வாயைத் திறந்து சொன்னா உன் காதுல என்னவா போய் விழும்னு தெரியலையே."

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆயாம்மாவுக்கும் வந்தது. உள்ளேயிருந்து வேன்காரர், "யாரு செத்துட்டாங்கன்னு இப்போ ரெண்டு பேரும் அழறீங்க?" என்று ஒரு கத்துக் கத்தினார். அதைக் கேட்டு இருவரும் சிரித்தும் விட்டார்கள். இதை என்னிடம் சொல்லும்போது ஆயாம்மா, "அப்பவும் நான் அவகிட்ட போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல தம்பி. தலையைத் தடவிக் கொடுத்தேன். அதை அவ என்னவா எடுத்துக்கிட்டாளோ" என்றார். மகள் போய்ச் சேர்ந்தாள். தினமும் மதியம் சாப்பாட்டு வேளையில் போன் செய்தாள். துணி அறையில் சிக்னல் வராது. ஆயாம்மா அந்த நேரத்துக்கு மட்டும் படியேறி வாசலுக்கு வந்து நிற்பார்.

அந்த நாட்களில்தான் பூட்டுக்கடைக்காரர் மறுபரிசோதனைக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் நன்றாக நடந்தார். அவரை டாக்டர் அறை வாசலில் உட்காரவைத்துவிட்டு, அந்த அம்மா ஆயாம்மா எங்கே என்று விசாரித்துக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்து என் கவுண்டர் ஓரமாக நின்றார். முகம் வாடியிருந்தது.

"மன்னிப்புக் கேக்கலாம்னுதான் போனேன். என் பையன்தான் புகார் கொடுத்தான், நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அதைச் சொன்னா, அந்தம்மா வாயைத் திறக்கல. துணியை மடிச்சுக்கிட்டே இருந்தாங்க. என் மூஞ்சியைக்கூடப் பார்க்கல. அவ்வளவு கோபம் இருக்கும்போல."

"கோபம் இல்லம்மா. பயம்" என்றேன்.

"என்னைப் பார்த்தா?"

"இல்ல, வாயைத் திறக்க" என்றேன். அவர் பேச்சை மாற்றினார். தம்பி வந்து அழுதுவிட்டுப் போன கதையைச் சொன்னார். "அதுக்கப்புறமும் ரெண்டு பேரும் பேசிக்கல. 'நான் செத்தாத்தான் வருவானா'ங்கிறாரு இவரு. 'செத்துட்டாருன்னு கேட்ட உடனே ஓடி வந்தேனே, அது தெரியலையா'ங்கிறாரு அவரு. நான் நடுவுல கிடந்து அல்லாடறேன். அவர் சொன்னதை இவர்கிட்ட சொன்னா சண்டை, சொல்லாட்டியும் சண்டை." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "அன்னிக்கு நீங்கதானே இங்க இருந்தீங்க? ரொம்ப நல்லதும்மான்னு சொன்னீங்களே."

குணமாகிவிட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ரொம்பக் கஷ்டப்படாம போய்ச் சேர்ந்தாரே, அதுவும் நல்லதுக்குத்தான்னு ஆறுதல் சொல்றீங்கன்னு. வழியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டுப் போனேன்."

விசாரணையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை. அன்றைக்கே போய், அந்த அம்மா என்னிடமும் வந்தார், நானும் கேட்காமல் விட்டேன் என்று சொல்லியிருந்தால் பழி பாதியாவது பிரிந்திருக்கும். அன்று மதியம் வாசலில் போன் பேசிவிட்டு நின்ற ஆயாம்மாவிடம் இதைச் சொன்னேன். நாலு மாதம் கழித்து.

அவர் கேட்டுக்கொண்டார். "உங்களை யாரு கேட்டா?" என்றார்.

கேட்காததை ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்கிறாரா, உன்னை யாரும் கேட்கவில்லையே, உன் மேல் என்ன தப்பு என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்கத் தைரியமும் வரவில்லை. அவர் படியிறங்கிப் போனார். ஆனால் மறுநாளும் வந்து, எப்போதும் போல, "தம்பி, மணி என்ன?" என்று கேட்டார். அதை வைத்து நானாக ஒன்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நிர்வாக அதிகாரி மாறினார். புதிதாக வந்தவர் நல்ல மனிதர். பழைய காகிதங்களை எல்லாம் எடுத்துப் படிக்கிறவர். ஒருநாள் ஆயாம்மாவை மேலே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, "இதைப் படிச்சேன். தப்பு உங்க மேல மட்டும்னு எனக்குத் தோணலை. நீங்க பழையபடி தியேட்டருக்கே வந்துடுங்க" என்றாராம்.

"வேண்டாம் சார். கீழேயே இருந்துக்கறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன்."

அவர் மனசு நொந்துபோய்த் தலைமை நர்ஸிடம், "அந்தம்மாவுக்கு இன்னும் மனசு ஆறலை. ரோஷக்காரங்க" என்று சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு வேளைக்குள் அது என் கவுண்டர் வரை வந்துவிட்டது. வார்டு ஆட்கள் இதை மரியாதையோடு பேசிக்கொண்டார்கள். பரவாயில்லை, ஆயாம்மா மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டு வந்துட்டாங்க என்று.

அன்று அவர் வந்ததும், "அவ்வளவு ரோஷமா ஆயாம்மா?" என்று கேட்டேன்.

"ரோஷமா? முட்டி வலி தம்பி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த ரெண்டு மாடியை ஏறி இறங்கணும் தெரியுமா? வாளியோட லிஃப்ட்ல ஏறவும் விடமாட்டாங்க. கீழே இருந்தா உக்காந்து மடிக்கலாம்."

"அதைச் சொல்லியிருக்கலாமே அவர்கிட்ட."

"முட்டி வலின்னு சொன்னா, வேலைக்கே லாயக்கில்லைன்னு எழுதிட்டாருன்னா? இன்னும் ஆறு வருஷம் ஓட்டணும்."

"நான் வேணா போய் சொல்லட்டுமா? அவர் அப்படி எழுதற ஆள் இல்ல."

"நீங்க போய் சொன்னா, நான்தான் தூது அனுப்பினேன்னு நினைப்பாரு. ரோஷம்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். அதுல யாருக்கும் நஷ்டமில்ல." ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். "முட்டிக்குத் தேய்க்கிற மாதிரி ஏதாவது ஒரு டியூப் இருந்தா கொடுங்க. வாசனை அடிக்காததாப் பாத்துக் கொடுங்க."

கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனார். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர், "வாங்க ஆயாம்மா, இடம் இருக்கு" என்று ஒதுங்கினார். அவர் கையை அசைத்து, அடுத்ததில் வருகிறேன் என்று காட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.